இரண்டு வீட்டுக்கு நான்கு டயர்

நான் சந்தேகக்காரி. இதை என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் முதுகுக்குப் பின்னால் சொல்லத் தேவையில்லை. பால் பெட்டியில் அடித்திருக்கிற திகதியை நம்பாமல் மணந்து பார்த்த பிறகுதான் தேத்தண்ணீருக்கு ஊற்றுவேன். பஸ் சாரதி தலையாட்டினாலும், ஏறி உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் இந்த பஸ் அங்கேதான் போகிறதா என்று இன்னொரு தரம் கேட்பேன். என் கணவருக்கு இது பெரிய கரைச்சல். "உமக்கு மாதாவே நேரிலை வந்து சொன்னாலும் ஐடி கேப்பீர்" என்பார். கேட்கத்தான் வேண்டும். மொன்றியலில் குளிர் ஒன்றும் பெரிதில்லை, ஒரு சுவெட்டர் காணும் என்று சொல்லித்தான் எங்களை விமானம் ஏற்றினார்கள். வந்து இறங்கியது ஜனவரி மாதம். அதற்குப் பிறகு ஒருவரையும் நம்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், மொன்றியல் தீவின் மேற்கு முனையிலுள்ள பியர்பொன்ட்ஸில், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். கணவருக்குத் துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் வேலை. தீவின் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கலுக்குப் பஸ்ஸும் மெட்ரோவும் மாறி மாறிப் போய் வருவதற்குள் அவருக்கு ஒரு நாளில் பாதி கரைந்துவிடும். எனக்கு முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. மகளுக்கு அப்போது ஐந்து வயது. ஒரு குளிர்காலக் காலையில் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் பஸ் தரிப்பில் நின்றேன். பஸ் வரவே இல்லை. பிள்ளை அழுதாள், கண்ணீர் காய்ந்த இடமெல்லாம் கன்னம் வெடித்துச் சிவந்துவிட்டது. அன்று பின்னேரம் கணவர் காலிலிருந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே சொல்லிவிட்டேன்.

"அடுத்த வின்ரருக்கு முன்னம் எங்களுக்கு ஒரு கார் வேணும். பிள்ளையை இனி ரோட்டிலை நிப்பாட்டேலாது."

அவர் உடனே சம்மதித்தார். அதுவே எனக்கு முதல் சந்தேகம். இந்த மனிதர் எதற்கும் உடனே சம்மதிக்கிறவர் அல்ல. பிறகுதான் தெரிந்தது, களஞ்சியத்தில் கூட வேலை செய்கிற ஒருவர் தன்னுடைய பழைய அமெரிக்கக் காரைப் பற்றி ஒரு மாதமாக இவர் காதில் ஓதிக்கொண்டிருந்திருக்கிறார். படகு அளவு நீளம், பின் சக்கரம், நாங்கள் சொல்கிற பின் சில்லு, இழுக்கிற வண்டி.

"கனமான கார்தான் ஸ்நோவிலை அசையாது. நான் பருத்தித்துறை ரோட்டிலை வான் ஓடினவன், எனக்குச் சொல்லித் தர வேண்டாம்" என்றார்.

"அசையாமல் நிக்கிறதுக்கு வீட்டிலை கதிரை கிடக்கு. ஓடேக்கை நிக்குமோ எண்டு கேளுங்கோ" என்றேன்.

கனமான சாமான் ஒன்று வழுக்கத் தொடங்கினால் அதை யார் பிடித்து நிறுத்துவது என்பது என் கேள்வி. சமையலறையில் என்னோடு வேலை செய்கிற கியூபெக் பெண்களிடம் ஒவ்வொருத்தியாகக் கேட்டேன். ஒருத்தி சொன்னதை மற்றவளிடம் சொல்லாமல், தனித்தனியாக. எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். சின்னக் கார், முன் சில்லு இழுக்கிற கார், இயந்திரத்தின் பாரம் இழுக்கிற சில்லுக்கு மேலேயே இருப்பதால் பனியில் இறுகப் பிடிக்கும். ஐந்து பேர் ஒரே மாதிரிச் சொன்னதால் ஐந்து பேரும் சேர்ந்து பேசி வைத்திருப்பார்களோ என்றும் ஒரு கணம் யோசித்தேன். ஆனால் அதில் அவர்களுக்கு என்ன லாபம் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆகவே நம்பினேன்.

ஒக்டோபரில் ஒரு ஜப்பான் கார் கண்ணில் பட்டது. விற்றவர் தமிழ்நாட்டுக்காரர், எங்கள் பக்கத்திலேயே தனி வீடு வைத்திருந்த ஓர் இஞ்சினியர். இருபது வருடமாய் இங்கே இருக்கிறாராம். காரைக் காட்ட முன்னம் கோப்பி தந்தார். கோப்பி நன்றாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

அதைவிட மோசம், காரின் குறைகளை அவரே சொல்லத் தொடங்கினார். "பின்னாடி வீல் மேல துரு பிடிச்சுது. போன வருஷம் புட்டி போட்டு பெயின்ட் அடிச்சேன். நீங்களா கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். இங்க ரோட்டுல உப்பு கொட்டறான் பாருங்க, எந்த வண்டியும் தப்பிக்காது." விற்கிற மனிதன் குறை சொல்வானா? சின்னக் குறையைக் காட்டிப் பெரிய குறையை மறைக்கிறார் என்று உடனே பிடித்துவிட்டேன்.

நான் தயாராகத்தான் போயிருந்தேன். எங்கள் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த மாதா படக் காந்தத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்திருந்தேன். தகரம் இருக்கிற இடத்தில் காந்தம் பிடிக்கும், தகரம் தின்னப்பட்டுப் புட்டி பூசிய இடத்தில் பிடிக்காது என்று சமையலறைப் பெண் ஒருத்தி சொல்லியிருந்தாள். ஆண்கள் இருவரும் இயந்திரத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த நேரம், நான் காரைச் சுற்றிச் சுற்றிக் கதவு, மூடி, சில்லுக்கு மேல் எல்லாம் மாதாவை ஒட்டி ஒட்டிப் பார்த்தேன். பின் சில்லுக்கு மேல் வைத்தபோது மாதா நழுவித் தரையில் விழுந்தார். அடுத்த பக்கமும் அதே கதை.

நிமிர்ந்தால் இஞ்சினியர் எனக்குப் பின்னால் நின்றார். நான் ஏதோ பிரார்த்தனை செய்கிறேன் என்று நினைப்பார் என்று பார்த்தால், மனிதர் சிரித்தார். "அங்க நிக்காதும்மா, அதான் நான் சொன்ன இடம். கதவுல வைங்க, கீழ வைங்க, நல்லா தேடிப் பாருங்க. நானும் வாங்கறப்போ இதைத்தான் பண்ணேன்."

முகம் சுருங்கிப் போனது எனக்கு. ஆனாலும் நான் விடவில்லை, எல்லா இடமும் வைத்துப் பார்த்தேன். அவர் சொன்ன இரண்டு இடத்தைத் தவிர வேறெங்கும் விழவில்லை.

காரைப் பேசி முடித்த பிறகு அவர் எங்களை உட்கார வைத்து ஒரு பாடமே நடத்தினார். பெட்ரோல் பாதிக்குக் கீழே போகவிடக் கூடாது. கார் முழுவதும் பனியைத் தட்ட வேண்டும், கண்ணாடியில் ஓட்டை மாதிரிக் கொஞ்சம் சுரண்டிவிட்டுப் புறப்படக் கூடாது. பிரேக்கை மிதித்துக்கொண்டு வளைவில் திரும்பக் கூடாது, வளைவுக்கு முன்னமே வேகத்தைக் குறைக்க வேண்டும். பின்னால் ஒரு கம்பளி, ஒரு மண்வெட்டி, ஒரு மெழுகுவர்த்தி. மெழுகுவர்த்தி எதற்கு என்று கேட்டேன். பனியில் சிக்கினால் அந்தச் சின்னச் சூடு உயிரைக் காப்பாற்றும் என்றார். கடைசியாகத்தான் அதைச் சொன்னார்.

"வின்டர் டயர் வாங்கினா நாலும் வாங்குங்க. ரெண்டு மட்டும் போடாதீங்க. முன்னாடி பிடிக்கும், பின்னாடி பிடிக்காது, வண்டி சுத்திடும். என்னோட செட்டை என் பொண்ணு எடுத்துண்டு போயிட்டா. இந்தக் கடைல கேளுங்க, நல்ல ஆளு." சொல்லிக்கொண்டே ஒரு டயர் கடையின் விலாச அட்டையை நீட்டினார்.

வீட்டுக்கு வருகிற வழியில் கணவர் சொன்னார், "நல்ல மனிசன்."

"நல்ல மனிசன்தான். ஆனால் அந்த அட்டையை ஏன் தந்தவர்? கடைக்காரன் இவருக்கு ஏதும் குடுப்பான். நாலு வாங்கச் சொல்லுறது அதுக்குத்தான்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அட்டையை நான் குப்பைக் கூடைக்குள் போட்டேன். அது என் கை செய்த வேலை, வேறு யாரையும் அதில் நான் இழுக்க முடியாது.

இனி மச்சாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள். அவளும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், புரோசார்ட்டில் இருந்தார்கள். அவளுடைய கணவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர். மச்சாள் அப்படியல்ல. அவளும் என்னைப் போலத்தான். அதனால்தான் எங்களுக்குள் ஒத்துவரவில்லை என்று இப்போது தெரிகிறது.

ஊரில் பங்கு இறைச்சி என்று ஒரு வழக்கம் இருக்கிறது. நாலைந்து வீட்டார் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கி அடித்து, இறைச்சியைக் கூறு கூறாக வைப்பார்கள். ஒவ்வொரு கூறிலும் சதையில் கொஞ்சம், எலும்பில் கொஞ்சம், ஈரலில் ஒரு துண்டு. ஒருவருக்கும் கூடக் குறைய இருக்காது. மொன்றியலுக்கு வந்தும் எங்கள் இரண்டு வீடும் அதை விடவில்லை. நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, அண்ணை ஒரு பண்ணைக்குப் போய் ஆடு கொண்டு வருவார், அவர்களுடைய சமையலறை நிலத்தில் பழைய பேப்பரை விரித்துக் கூறு போடுவோம். மாம்பழப் பெட்டி வந்தாலும் பங்கு, அரிசி மூட்டை வந்தாலும் பங்கு. நான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன், மச்சாளும் பார்ப்பாள். ஈரலில் பெரிய துண்டு எந்தப் பக்கம் போகிறது என்பதில்தான் எங்கள் இரண்டு பேருக்கும் அக்கறை.

அந்த நவம்பரில் அண்ணையோடு வேலை செய்கிற யாரோ பெரிய காருக்கு மாறினார். அவருடைய பழைய பனிக்கால டயர்கள் நான்கும் அண்ணைக்குக் கிடைத்தன. அண்ணையின் காரும் எங்கள் காரும் ஒரே அளவுச் சில்லு. அவர் என்ன செய்திருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை. எங்களைக் கூப்பிட்டார். கராஜ் நிலத்தில் நான்கு டயரும் கிடந்தன. இரண்டு கொஞ்சம் புதிது, இரண்டு கொஞ்சம் தேய்ந்தது. நியாயமான மனிதர் அல்லவா, ஒரு புதிது, ஒரு தேய்ந்தது என்று இரண்டு கூறாக வைத்தார்.

"முன் சில்லுதானே இழுக்குது. முன்னுக்கு இரண்டு போட்டால் காணும். பின்சில்லு சும்மா உருண்டு வரும்" என்றார்.

என் கணவர் தலையாட்டினார். இஞ்சினியர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்ததா? வந்தது. அதை நான் விற்பனைப் பேச்சு என்று ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருந்தேன். என் மூளை முழுவதும் வேறொரு இடத்தில் இருந்தது. மச்சாள் தன் பக்கக் கூறைக் காலால் கொஞ்சம் தன் பக்கம் தள்ளினாள். அதைத்தான் நான் பார்த்தேன். ஏன் தள்ளினாள்? அந்தக் கூறில் இருக்கிற தேய்ந்த டயர், எங்கள் கூறில் இருக்கிற தேய்ந்த டயரைவிடக் குறைவாகத் தேய்ந்ததோ?

இரண்டு கிழமை அந்தக் கேள்வி என்னைத் தின்றது. கணவரிடம் சொன்னேன், கையெடுத்துக் கும்பிட்டார். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, இரண்டு வீட்டாரும் போகிற மாதா கோயிலில், பிரசங்கம் தொடங்கியதும், மகளுக்கு ஒன்றுக்குப் போக வேண்டும் என்று கணவரின் காதில் சொல்லிவிட்டு அவளையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. கார் தரிப்பிடத்தில் அண்ணையின் காரைத் தேடிப் பிடித்து, முன் சில்லுக்குப் பக்கத்தில் குந்தினேன். ஒரு நாணயத்தை டயரின் பள்ளத்துக்குள் விட்டு எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்த்தேன். பிறகு எங்கள் காருக்கு வந்து அதே நாணயத்தை விட்டுப் பார்த்தேன். திரும்பவும் அங்கே போனேன். நகத்தால் அளவு வைத்தேன். எங்களுடையது ஒரு மயிரிழை குறைவு போலவும் இருந்தது, சமம் போலவும் இருந்தது.

"ஏன் உதிலை குந்திக்கொண்டு இருக்கிறீர்?"

மச்சாள். அவளும் பிரசங்கத்தில் இருக்கவில்லை. அவள் ஏன் வெளியே வந்தாள் என்று நான் அப்போது கேட்டிருக்கலாம்.

"கையுறை விழுந்திட்டுது, மச்சாள்" என்றேன்.

"அம்மா, கையுறை உங்கட பொக்கற்றுக்குள்ளை இருக்கு" என்றாள் என் மகள். நல்ல பிள்ளை, உதவி செய்கிறாள்.

மச்சாள் என் பொக்கற்றைப் பார்த்தாள். என் கையிலிருந்த நாணயத்தைப் பார்த்தாள். தன் காரின் டயரைப் பார்த்தாள். விளங்குவதற்கு அவளுக்கு ஒரு நிமிடமும் எடுக்கவில்லை.

"என்ர மனிசன் பாவம், வாயில்லாத சீவன். ரண்டு வீடும் நல்லா இருக்கட்டும் எண்டு பங்கு வைச்சவர். நீர் கோயில் வாசலிலை வந்து எங்கட சில்லைத் தடவிப் பாக்கிறீர். பிள்ளைக்கு முன்னாலை பொய்யும் சொல்லுறீர். உம்மை இனி என்ன சொன்னாலும் நான் நம்பன்."

நானும் திருப்பிக் கொடுத்தேன். கராஜில் காலால் தள்ளியதை எடுத்துச் சொன்னேன். ஈரல் துண்டுகளையும் விடவில்லை. நத்தாருக்கு ஆடு வந்தது, எங்கள் பங்கை அண்ணை தனியாகக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். கோயில் வாசலில் நடந்த அந்தச் சண்டைக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் கதைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் கோயிலின் இடப்பக்கம், நாங்கள் வலப்பக்கம்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு. விடியும்போதே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பூசை பதினொரு மணிக்கு. எங்களுக்குத் தூரம் என்பதாலும், பனியில் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லாததாலும் ஒன்பது மணிக்கே புறப்பட்டுவிட்டோம். காரிலிருந்த பனியை நானே முழுவதும் தட்டினேன். பெட்ரோல் முக்கால்வாசி இருந்தது. கம்பளி, மண்வெட்டி, மெழுகுவர்த்தி எல்லாம் பின்னால் இருந்தன. கணவர் மெதுவாகத்தான் ஓடினார், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். மகள் பின்னால் பெல்ட் போட்டுக்கொண்டு இருந்தாள்.

ஹைவேயிலிருந்து இறங்குகிற வளைவில் அது நடந்தது. இவர் வளைவுக்கு முன்னமே வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பினார். காரின் முன்பக்கம் சொன்னது கேட்டுத் திரும்பியது. பின்பக்கம் எங்களோடு வரவில்லை. முதுகுக்குப் பின்னால் ஏதோ நழுவிப் போகிற மாதிரி ஓர் உணர்வு, அவ்வளவுதான். அடுத்த கணம் நாங்கள் வந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு வழுக்கினோம். எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த கார்கள் இப்போது எங்களுக்கு முன்னால் வந்துகொண்டிருந்தன. விளக்குகள் நேரே முகத்தில். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. ஒரு லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு என் பக்கக் கண்ணாடியைத் தொடாத குறையாகப் போனது. பிறகு கார் ஓரத்துப் பனிக் குவியலுக்குள் பின்பக்கமாகப் போய்ப் புதைந்து நின்றது.

ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. மகளின் கை, கால், தலை எல்லாம் தடவிப் பார்த்தேன். அவள், "அம்மா, நாங்கள் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு நிக்கிறம்" என்றாள். கணவரின் கை இரண்டும் ஸ்டியரிங்கை விடவில்லை.

பனியில் விழுந்த கார்களை இழுக்கிற வண்டி ஒன்று அந்த வழியாலேயே வந்தது. சாரதி இறங்கிக் காரைச் சுற்றி வந்தார். முன் சில்லு இரண்டையும் குனிந்து பார்த்தார், பின்னால் பனியைக் கையால் தள்ளிப் பின் சில்லுகளைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து பிரெஞ்சில் ஏதோ நீளமாகச் சொன்னார். எனக்கு முக்கால்வாசி விளங்கவில்லை. அவர் அதைப் பார்த்து, கையுறையைக் கழற்றி நான்கு விரலைக் காட்டினார். அதில் இரண்டை மடக்கி, மற்ற இரண்டை அப்படியே சுழற்றிக் காட்டினார்.

அந்த இடத்தில் இஞ்சினியரின் குரல் என் காதுக்குள் கேட்டது. முன்னாடி பிடிக்கும், பின்னாடி பிடிக்காது. முன்னால் பிடியுள்ள டயரைப் போட்டு, பின்னாலுள்ள பழையதை அப்படியே விட்டால், கார் திரும்புகிறபோது முன்பக்கம் நிற்கும், பின்பக்கம் பறந்து போகும். எந்தக் கூறுக்கு நல்ல டயர் போனது என்று நான் நாணயம் விட்டு அளந்தேன். டயரைக் கூறு போட்டதே பிழை என்று எனக்குத் தோன்றவில்லை. உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள், அந்த ஒன்றை மட்டும் சந்தேகப்படவில்லை.

அதற்கு அடுத்ததாகத் தோன்றியது இதுதான். மற்றக் கூறு புரோசார்ட்டில், அண்ணையின் காரில், முன் சில்லில் இருக்கிறது. அவர்கள் பத்து மணிக்குப் புறப்படுவார்கள். பாலத்தால் வர வேண்டும். பாலத்தில் ஒதுங்குவதற்குப் பனிக் குவியல் இல்லை. அண்ணை, மச்சாள், இரண்டு பிள்ளைகள்.

கணவரைக் காரோடு விட்டுவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வளைவுக்குக் கீழே தெரிந்த தெப்பனருக்கு, இங்கத்தைய மூலைக் கடைக்கு, ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது பொய், விழுந்தெழும்பிப் போனேன். கடைச் சுவர் மணிக்கூட்டில் பத்தாக இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. கடைக்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்க முன்னமே போனை மேசைக்கு மேல் எடுத்து வைத்தாள்.

மச்சாள்தான் எடுத்தாள். ஏழு கிழமைக்குப் பிறகு இப்போதுதான் என் குரலைக் கேட்கிறாள்.

"மச்சாள், இண்டைக்குக் காரை எடுக்க வேண்டாம். எங்கட கார் சுத்திப்போட்டுது. இரண்டு ரயர் போட்டதாலைதான். பின்பக்கம் நிக்காது, மச்சாள். பாலத்திலை ஏறாதேங்கோ."

"நாங்கள் சப்பாத்தும் போட்டாச்சு" என்றாள். "இவ்வளவு நாளும் ஓடின காருக்கு இண்டைக்கு மட்டும் என்ன வந்தது?"

"இவ்வளவு நாளும் இப்பிடி ஸ்நோ கொட்டேல்லை. சொன்னால் நம்புங்கோ."

"நாலு ரயரும் வேணும் எண்டால் நேரை கேளும். ஏன் சுத்தி வளைக்கிறீர்?"

"ஐயோ, எனக்கு வேண்டாம். எங்கட இரண்டையும் கழட்டித் தாறன், நீங்களே நாலையும் போடுங்கோ. நாங்கள் பஸ்ஸிலை போறம்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் குரல் இன்னும் கூர்மையாகியது. "ஓ. அப்ப உங்கட இரண்டிலையும் என்ன பழுது?"

எனக்குக் கொதி வரவில்லை. பயம்தான் வந்தது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பேன், சொல்லுக்குச் சொல். அதற்கு எந்தப் பதில் வந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். பின்னால் அண்ணையின் குரல் கேட்டது, நேரம் போகுது, நான் போய்க் காரைச் சூடாக்கிறன் என்றார். திறப்புக் கோவையில் சாவிகள் கிலுங்கின.

"மச்சாள், அண்ணையை மறியுங்கோ" என்று கெஞ்சினேன். என் வாழ்க்கையில் அவளிடம் நான் கெஞ்சியது அந்த ஒரு நாள்தான்.

அவளுக்கு அதுவும் காணவில்லை. "பிள்ளை பக்கத்திலை நிக்குதோ? பிள்ளையிட்டைக் குடும் போனை."

கொடுத்தேன். மகள் இரண்டு கையாலும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பொன்ஜூர் மாமி. ஓம். கார் சுத்தினது. மற்றக் காரெல்லாம் எங்களுக்கு நேரை வந்தது. பெரிய லொறியும் வந்தது. அப்பா திருப்பினவர், கார் கேக்கேல்லை... இல்லை, எனக்கு நோகேல்லை... அம்மா கத்தினவ. அப்பா அழுதவர்."

கணவர் அழுததை நான் பார்க்கவில்லை. இதை எழுதும்போதும் அது எனக்கு நெஞ்சில் குத்துகிறது. நான் பிள்ளையின் கையையும் காலையும் தடவிக்கொண்டிருந்த நேரமாக இருக்கும்.

மகள் மறுமுனையில் சொல்வதைக் கேட்டாள். பிறகு ரிசீவரின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தாள். "அம்மா, மாமி கேக்கிறா, நீங்கள் சொல்லுறது மெய்யோ, பொய்யோ எண்டு. என்ன சொல்ல?"

"உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு" என்றேன்.

அவள் உடனே சொல்லவில்லை. ஆறு வயதுப் பிள்ளை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். நான் மற்றவர்களைப் பார்க்கிற அதே பார்வை. இப்படி ஒரு பார்வை என் மேல் விழுந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பிறகு கையை எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"இண்டைக்கு மெய், மாமி."

மறுமுனையில் மச்சாள் ரிசீவரைத் தொப்பென்று எங்கோ போட்டாள். "இஞ்சேருங்கோ! உள்ளை வாங்கோ! திறப்பை வையுங்கோ, ஒருத்தரும் வெளிக்கிட வேண்டாம்!" என்று கத்துவது கேட்டது. கதவு சாத்துப்பட்டது. பிள்ளைகள் ஏன், ஏன் என்று கேட்டார்கள். நான் மகளிடமிருந்து ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தேன். வெட்கம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். கடைக்காரி ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள், நான் இருக்கவில்லை. பனிச் சப்பாத்துகளைக் கழற்றி நிலத்தில் எறிகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. நான்கு பேரும் கழற்றிவிட்டார்களா என்று கடைசிச் சப்பாத்து விழும்வரை எண்ணிக்கொண்டு நின்றேன்.